விழுமோ என நிற்கும் மாளிகை

இங்கிலாந்தின் செஷயர் வட்டாரத்தில் அகழி சூழ நிற்கும் லிட்டில் மோர்ட்டன் மாளிகையைப் படத்தில் பார்த்தாலே பதற்றம் வரும். 1500களின் தொடக்கத்தில் ஓக் மரச் சட்டங்களைக் கோத்துக் கட்டத் தொடங்கினார்கள். பின்னர் உச்சியில் நீண்ட கூடம் ஒன்றை ஏற்றினார்கள். முதல் திட்டத்தில் அது இல்லை என்றே தோன்றுகிறது. மேலே கற்பலகைக் கூரை வேறு! பாரம் தாங்காமல் கீழ்த்தளங்கள் வளைந்தன.

1559-இல் சன்னல்கள் செய்த தச்சர் ரிச்சர்ட் டேலின் பெயர், வீட்டுக்காரர் பெயரோடு மரத்தில் செதுக்கப்பட்டிருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

நாம் ரசிக்கும் கறுப்பு வெள்ளையோ விக்டோரியா காலப் பழக்கம். முன்பு மரம் பூச்சின்றி வெள்ளி நிறமாய் வெளிறியிருக்கும்.

1892-இல் ஏறக்குறையச் சிதைந்த நிலையில் அது எலிசபெத் மோர்ட்டன் என்ற கன்னியாஸ்திரியிடம் வந்தது. அவர் சிற்றாலயத்தைச் சீரமைத்தார். கூடத்தைத் தாங்கும் எஃகுக் கம்பிகளும் அவர் செருகியவையாக இருக்கலாம். 1938-இல் மாளிகை நேஷனல் டிரஸ்ட் வசமானது.