திருத்தந்தையைத் தேர்ந்தெடுப்பவர் தூய ஆவியாரா?

2025ஆம் ஆண்டு மே 8ஆம் நாள், 133 கர்தினால்கள் கூடிய சிஸ்டைன் சிற்றாலயத்திலிருந்து வெண்புகை எழுந்தது. திருத்தந்தை 14ஆம் லியோ தேர்ந்தெடுக்கப்பட்டார். "தூய ஆவியாரே இவரைத் தேர்ந்தெடுத்தார்" என்று நாம் மகிழ்ந்து சொன்னோம். ஆனால் அதே நாள்களில், எந்தக் கர்தினாலுக்கு எத்தனை பேர் ஆதரவு என்ற கணக்குகளும் செய்திகளில் வந்தன. இதைக் கண்ட நம்பிக்கையாளர் பலருக்கு ஓர் ஐயம் எழுகிறது. ஆவியார்தாம் தேர்ந்தெடுக்கிறார் என்றால் வாக்கெடுப்பு எதற்கு? தகுதியற்ற சிலர் வரலாற்றில் இப்பொறுப்புக்கு எப்படி வந்தனர்? இப்படிக் கேட்பது விசுவாசக் குறைவா?

முதலில், திருச்சபையின் படிப்பினையைத் தெளிவாக்கிக்கொள்வோம். திருத்தந்தையின் தவறா வரம்பற்றி 1870இல் முதல் வத்திக்கான் பொதுச்சங்கம் வரையறுத்தது. விசுவாசத்தையும் ஒழுக்கத்தையும் சார்ந்த ஒரு படிப்பினையை, அனைத்துக் கிறிஸ்தவர்களின் மேய்ப்பர் என்ற முறையில், முடிவாக அவர் அறிவிக்கும் வேளைக்கு உரியது அவ்வரம். கர்தினால்களின் வாக்கு ஒருபோதும் பிழையாகாது என்று திருச்சபை எங்கும் கற்பித்ததில்லை. எனவே, ஒரு தேர்தலைப்பற்றி ஐயம் கொள்வதாலேயே ஒருவர் விசுவாசத்தை இழந்தவர் ஆகிவிடமாட்டார்.

திருவிவிலியமும் இதையே உணர்த்துகிறது. இயேசு இரவெல்லாம் செபித்த பின்னரே பன்னிருவரைத் தேர்ந்துகொண்டார் என்கிறார் லூக்கா (6:12-16). அவர்களுள் யூதாசும் ஒருவன். ஆண்டவரே அழைத்திருந்தும் அவனுடைய சுதந்திரம் பறிக்கப்படவில்லை. யூதாசின் இடத்துக்கு மத்தியாவைத் தேர்ந்தபோது, தொடக்கத் திருச்சபை முதலில் தகுதியை ஆராய்ந்து இருவரை நிறுத்தியது. பிறகு செபித்து, சீட்டுப் போட்டது (திப 1:21-26). மனித ஆராய்ச்சியும் இறைவேண்டலும் அங்கே சேர்ந்தே நடந்தன.

வரலாற்றையும் மறைக்க வேண்டியதில்லை. 1268இல் வித்தெர்போ நகரில் தொடங்கிய தேர்தல் 1271வரை இழுத்தது. அந்தக் கசப்பான அனுபவத்தால், அதில் தேர்வான திருத்தந்தை 10ஆம் கிரகோரி, கர்தினால்களைப் பூட்டிய இடத்தில் வைத்துத் தேர்தல் நடத்தும் சட்டத்தை 1274இல் கொண்டுவந்தார். 1378இல் 6ஆம் உர்பானைத் தேர்ந்த கர்தினால்களே சில மாதங்களில் எதிராக வேறொருவரைத் தேர்ந்தனர். இந்தப் பிளவு 1417வரை நீடித்தது. சியன்னா நகர்ப் புனித கத்தரீன் ஒரு பக்கமும், புனித வின்சென்ட் பெரர் மறுபக்கமும் நின்றனர். புனிதர்களே குழம்பிய காலம் அது!

கர்தினாலாக இருந்த ராட்சிங்கரிடம் 1997இல் ஜெர்மனியின் பவேரியத் தொலைக்காட்சி இக்கேள்வியையே கேட்டது. ஆவியார் தேர்ந்திருக்க முடியாத திருத்தந்தையர் வரலாற்றில் பலர் உண்டு என்று அவர் வெளிப்படையாகவே கூறினார். நல்லாசிரியர்போல் ஆவியார் நமக்கு மிகுந்த சுதந்திரம் தருகிறார், ஆயினும் நம்மைக் கைவிடுவதில்லை என்றும், எல்லாமே அடியோடு பாழாகிவிடாது என்பதே நமக்குள்ள உறுதி என்றும் விளக்கினார். அவரே 2005இல் திருத்தந்தை 16ஆம் பெனடிக்ட் ஆனார்.

தேர்தல் விதிகளும் இந்தப் புரிதலோடுதான் அமைந்துள்ளன. பணம் கொடுப்பதையும், வாக்குக்காக உடன்படிக்கை செய்வதையும் அவை கடுமையாகத் தடை செய்கின்றன. ஆவியாரைப் பாடி அழைத்த பின்னரே கர்தினால்கள் வாக்களிக்கச் செல்கின்றனர். ஒவ்வொருவரும் இறுதித் தீர்வை ஓவியத்தின்முன் நின்று, தமக்குத் தீர்ப்பிடப்போகும் கிறிஸ்துவைச் சாட்சியாக வைத்து வாக்களிக்கின்றனர். தவறாகவும் தேர்ந்துவிட முடியும் என்பதால்தான் இத்தனை காவல். ஆவியார் ஒவ்வொருவரின் மனச்சான்றோடும் பேசுகிறார். கேட்பதும் கேளாததும் அவரவர் பொறுப்பு.

மனிதர் போடும் தடைகள் நடுவிலும் அருள் வழி காண்கிறது. 1903இல் ஆஸ்திரியப் பேரரசர் ஒரு கர்தினாலுக்கு எதிராகத் தம் மறுப்புரிமையைப் பயன்படுத்தினார். அந்தத் தேர்தலில் வந்தவர் 10ஆம் பத்திநாதர். அடுத்த ஆண்டே அரசர்களின் அந்த உரிமையை ஒழித்தவரும், 1954இல் புனிதராக உயர்த்தப்பட்டவரும் அவரே. 1958இல் 76 வயதில் தேர்வான 23ஆம் யோவானைச் சில காலம் இருந்துபோகும் முதியவர் என்றே பலர் எண்ணினர். மூன்றே மாதங்களில் அவர் இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கத்தை அறிவித்தார்.

அப்படியானால் நாம் செய்ய வேண்டியது என்ன? புதிய திருத்தந்தையோ நம் மறைமாவட்ட ஆயரோ அறிவிக்கப்படும்போது, நமக்குப் பிடித்தவர் வந்தால் ஆவியாரின் செயல் என்றும், பிடிக்காதவர் வந்தால் அரசியல் என்றும் பேசும் பழக்கத்தை விட வேண்டும். தலைவர் ஒருவர் தவறும்போது, 'ஆவியார் தந்தவர்' என்று சொல்லிப் பாதிக்கப்பட்டவர்களின் வாயை அடைக்கவும் கூடாது. நம் கருத்தை மரியாதையோடு மேய்ப்பர்களிடம் தெரிவிக்கும் உரிமையையும், சில வேளை கடமையையும், திருச்சபைச் சட்டம் 212 நமக்குத் தருகிறது.

ஒவ்வொரு திருப்பலியிலும் திருத்தந்தையின் பெயரையும் ஆயரின் பெயரையும் சொல்லி மன்றாடுகிறோம். தேர்ந்தெடுக்கப்பட்டவர் தவறக்கூடியவர் என்பதால்தான் அந்த மன்றாட்டு தேவைப்படுகிறது. ஐயத்தோடு இருப்பவர்களும் அதில் முழுமனத்தோடு கலந்துகொள்ளலாம். தம் திருச்சபையைக் கைவிடேன் என்ற ஆண்டவரின் வாக்குறுதி அவர்களுக்கும் உரியதே.