ஐப்பசியில யாராவது கரிசல்ல படுப்பாகளா?

போன தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தேன். கூடவே பெங்களூர்ல என்னோட ஆணி புடுங்குற மூணு பேரு, ஒரு காரு, ஆன்லைன்ல வாங்கின புத்தம்புது டென்ட். ரெண்டு வருஷம் முன்னாடி ஆன்சைட்ல அரிசோனா போயிருந்தப்ப பாலைவன மலையில டென்ட் போட்டுத் தங்கின தெம்பு வேற. அங்க அரசாங்கப் பொது நிலத்துல நிறைய இடங்கள்ல காசில்லாம 14 நாள் வரைக்கும் தங்கலாம். காஞ்ச ஓடைக்குள்ள மட்டும் படுக்காதேன்னு சொல்லித் தருவாங்க. எங்கயோ மலையில பெய்யுற மழை, சொல்லாம கொள்ளாம ஓடையில வந்துரும்.

நம்ம கோவில்பட்டியும் வறண்ட பூமிதானே, அதே ரூல்தானேன்னு நினைச்சேன். (சிரிக்காதீங்க, கிளைமாக்ஸ் இன்னும் வரல.)

எட்டயபுரம் போற வழியில தெரிஞ்சவர் ஒருத்தரோட புஞ்சை. ஓடை இல்ல, மேடு பள்ளம் இல்ல, கம்பளம் விரிச்ச மாதிரி கருப்பு மண்ணு. டென்ட் போட்டோம், கடலைமிட்டாய் தின்னோம், நட்சத்திரம் பார்த்தோம். ராத்திரி ரெண்டு மணிக்கு மழை பிடிச்சுது. அரை மணி நேரத்துல முளைக்குச்சி எல்லாம் வெண்ணெய்ல குத்தின மாதிரி சாய்ஞ்சிருச்சு. செருப்பு ஒண்ணொண்ணும் ரெண்டு கிலோ. காருல டயர் பாதிக்கு மேல காணோம்.

காலையில டிராக்டர் வர்ற வரைக்கும் அசடு வழிய நின்னுக்கிட்டிருந்தோம். அந்தப் பக்கமா வந்த ஆட்டுக்காரப் பெரியவர் ஒருத்தர் டென்டைப் பார்த்தார், காரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஏய்யா, ஐப்பசியில யாராவது கரிசல்ல படுப்பாகளா?"

அந்தக் கேள்வி மண்டைக்குள்ள உக்காந்துருச்சு. அப்ப இந்த ஊர்ல வீடு இல்லாம வெளியில தங்கினவங்க காலங்காலமா எங்கதான் படுத்தாங்க? கொஞ்சம் தேடிப் பார்த்தேன். மூணு கூட்டம் மாட்டிச்சு.

அதுக்கு முன்னாடி மண்ணைப் பத்தி ரெண்டு வரி. இந்தப் பக்கம் வருஷ மழை சுமார் 650 மில்லிமீட்டர்தான், அதுலயும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில கொட்டித் தீர்த்துரும். கரிசல் மண்ணுல இருக்கிற களிமண் தண்ணியக் குடிச்சா உப்பும், காஞ்சா சுருங்கி வெடிக்கும். கோடையில கை நுழையுற அளவுக்கு வெடிப்பு, மழையில களி. அதாவது ஒரே நிலம், வருஷத்துல ரெண்டு பூமி.

முதல் கூட்டம், சமணத் துறவிங்க. கோவில்பட்டியிலிருந்து 20 கிலோமீட்டர் சொச்சத்துல கழுகுமலை. வெட்டுவான் கோயில்னு எல்லாருக்கும் தெரியும், 8-ஆம் நூற்றாண்டுல பாண்டியர் காலத்துல ஒரே பாறையில குடைஞ்சு பாதியில விட்ட கோயில். அதே மலையில கொஞ்சம் தள்ளி வரிசையா தீர்த்தங்கரர் சிற்பங்கள், கீழே வட்டெழுத்துக் கல்வெட்டுகள், நூறுக்குப் பக்கமா இருக்கும். பல ஊர்க்காரங்க செஞ்சு வெச்ச தர்மம் அதெல்லாம்.

சமணத் துறவி ஓரிடத்துல நிலையா இருக்கக் கூடாது, நடந்துக்கிட்டே இருக்கணும். ஆனா மழைக்கால நாலு மாசம் மட்டும் விதிவிலக்கு. அப்ப நடந்தா மண்ணுல முளைச்சு வர்ற சின்ன உயிர்களை மிதிச்சுருவோம்னு ஒரே ஊர்ல தங்கிருவாங்க. சாதுர்மாசம்னு பேரு. நடக்க விதிச்சவங்களே நிக்கிற அந்த நாலு மாசத்துல நம்ம ஐப்பசியும் அடக்கம். கழுகுமலையில நின்னு சுத்திப் பாருங்க, கண்ணுக்கெட்டின வரைக்கும் சமவெளி. மழையில களியாகாத இடம் அந்தப் பாறை. இதுக்காகவேதான் மலையைத் தேர்ந்தெடுத்தாங்கன்னு சாதிக்க மாட்டேன், தனிமை, கல், தர்மம் பண்ற ஊர்க்காரங்கன்னு பல காரணம் இருந்திருக்கும். ஆனா ஒரு ராத்திரி கரிசல்ல முங்கி எழுந்தவனுக்கு இந்தக் காரணம்தான் முதல்ல கண்ணுல படும் :-)

ரெண்டாவது கூட்டம், கம்பெனிப் பட்டாளம். அவங்க கூடாரம் அடிச்ச தேதிகளை மட்டும் வரிசையா எழுதிப் பார்த்தேன். 1799 செப்டம்பர் 5, பானர்மேன் பாஞ்சாலங்குறிச்சியைத் தாக்கினார். அக்டோபர் 16, கயத்தாறுல கட்டபொம்மனைத் தூக்குல போட்டாங்க. 1801 பிப்ரவரி 2, ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பினார். பிப்ரவரி 9, மெக்காலே படையோட பாஞ்சாலங்குறிச்சி வந்து பார்த்தா, இடிச்சுப் போட்ட கோட்டை ஒரே வாரத்துல மறுபடி எழுந்து நிக்குது! தாக்காம திரும்பிட்டாங்க. மார்ச் 31, பெரிய தாக்குதல், பலத்த அடி வாங்கிப் பின்வாங்கினாங்க. மே 24, அக்னியூ தலைமையில பெரிய பீரங்கிகளோட வந்துதான் கோட்டை விழுந்துச்சு.

எல்லாமே பெருமழைக்கு முன்னாடி, இல்லேன்னா மழை முடிஞ்சு மண்ணு காஞ்சப்புறம். அப்படித் திட்டம் போட்டாங்கன்னு சொல்ல வரல, பிப்ரவரியில வந்ததுக்குக் காரணம் ஊமைத்துரை தப்பினதுதான். ஆனா பீரங்கியை இழுக்கிறது மாடு. கார்த்திகைக் கரிசல்ல அந்தச் சக்கரத்தோட கதி என்னன்னு என் காரைக் கேட்டா சொல்லும்.

மார்ச் 31-லிருந்து மே 24 வரைக்கும் 54 நாள். பங்குனி, சித்திரை, வைகாசி வெயில்ல, திறந்தவெளியில, கோட்டைக்கு எதிர்ல முகாம். அந்தப் படையில இருந்த ஜேம்ஸ் வெல்ஷ் பிற்பாடு 1830-ல தன்னோட நினைவுகளைப் புத்தகமா போட்டார். இன்னொரு விஷயம், கோட்டைச் சுவரும் மண்ணுதான். கல் சுவர்னா குண்டு பட்டு உடைஞ்சு சரியும், கெட்டிப்பட்ட மண் சுவரோ குண்டை உள்ள வாங்கிக்கும். கூடாரத்துக்கு அடியில இருக்கிற மண்ணு எப்படிப்பட்டதுன்னு தெரிஞ்சவங்க கோட்டைக்குள்ள இருந்தாங்க, தெரியாதவங்க வெளியில படுத்திருந்தாங்க. அந்தச் சண்டைகள்ல செத்த வெள்ளைக்காரங்க கல்லறை இன்னும் அங்க பக்கத்துல இருக்கு. ஊமைத்துரையை நவம்பர் 16-ல பாஞ்சாலங்குறிச்சியிலயே தூக்குல போட்டாங்க.

மூணாவது கூட்டம்தான் எனக்கு நெருக்கம். கிடை போடுறவங்க. எங்க பக்கத்து கி.ராஜநாராயணன் 'கிடை'ன்னே ஒரு குறுநாவல் எழுதியிருக்கார், 2003-ல அது 'ஒருத்தி'ன்னு படமாவும் வந்துச்சு. அறுவடை முடிஞ்ச புஞ்சையில ராத்திரி ஆட்டை அடைச்சுப் படுக்கப் போடுவாங்க. புழுக்கையும் மூத்திரமும் நிலத்துக்கு உரம். அதுக்கு நிலத்துக்காரர் தானியமோ பணமோ கொடுப்பார். யோசிச்சுப் பாருங்க, அரிசோனாவுல ஓசியில தங்க விட்டதுக்கே நான் வாயைப் பிளந்தேன். இங்க தங்குறதுக்கு நிலத்துக்காரர் காசு கொடுத்துக் கூப்பிட்டிருக்கார்!

ஒரே இடத்துல ரொம்ப நாள் கிடையாது, நிலம் முழுக்க உரம் படணும்னு பட்டியை நகர்த்திக்கிட்டே போகணும். குட்டிகளுக்குக் குடாப்பு, காவலுக்கு நாய், ஆளுக்கொரு கம்பளி. கோடை பூரா கரிசல். மேகம் கருத்துச்சுன்னா மேட்டு நிலம், செவக்காடு. செம்மண்ணுல தண்ணி நிக்காது, ஆட்டுக்குக் குளம்பும் அழுகாது. கி.ரா. பிறந்த இடைசெவல் பேர்லயே செவல் இருக்கு பாருங்க. எந்த மண்ணு எங்கே இருக்குன்னு ஊர்ப் பேரே சொல்லிருது, நான்தான் சாட்டிலைட் மேப் பார்த்து இடம் பிடிச்சேன்.

இப்ப உண்மையைச் சொல்லிடுறேன். என் தாத்தா கிடை வெச்சிருந்தவர். கடைசியா இருந்த ஆடுகளை வித்துதான் என் முதல் வருஷ இன்ஜினியரிங் ஃபீஸ் கட்டினாங்க. நான் படிச்சது சிவில். மண் இயக்கவியல் பேப்பர்ல கரிசல் மண் எவ்வளவு உப்பும்னு ஒரு பெரிய கேள்வி, சமன்பாட்டோட எழுதி நல்ல மார்க்கும் வாங்கினேன். அதே மண்ணு மேலதான் ஐப்பசி மாசம் டென்ட் அடிச்சேன்.

அன்னிக்கு சேறும் சகதியுமா வீட்டுக்குப் போனா, திண்ணையில இருந்த தாத்தா முழுக் கதையையும் கேட்டார். சிரிக்கல.

"செவக்காட்டுல போட்டிருக்கலாம்லா. என்னைக் கேட்டியா நீ?"

கேக்கலை. இத்தனை வருஷத்துல ஒரு தடவைகூட கேக்கலை. ஆடு போனப்பவே அந்த விவரமும் எனக்கு வேண்டாததா போயிருச்சு.

அதுக்கப்புறம் ஊருக்குப் போறப்பல்லாம் ஒரு நோட்டு எடுத்துட்டுப் போறேன். எந்த மாசம் எந்தக் காடு, காத்து எந்தப் பக்கம் திரும்பினா பட்டியை எங்க மாத்தணும், ஒத்தப் பனைக்கு அடியில ஏன் படுக்கக் கூடாது (இடி விழும்), கண்மாய்க்கு எவ்வளவு தள்ளி இருக்கணும்... அவர் சொல்லச் சொல்ல எழுதுறேன். இதுவரைக்கும் 32 பக்கம். தாத்தாவுக்கு வயசு 85.

டென்ட் மொட்டை மாடியில காயுது. அடுத்த தடவை பங்குனியில போடுறதா இருக்கேன், அவர் கை காட்டுற இடத்துல. உங்க வீட்டுலயும் இப்படி ஒரு ஆள் இருந்தா, போய் ஒரு கேள்வி கேட்டுட்டு வாங்க மக்களே.