தஞ்சாவூர் பாக்கேஜ் திட்டம்

தஞ்சாவூர் பாக்கேஜ் திட்டம் என்பது 1960-61இல் அன்றைய ஒன்றுபட்ட தஞ்சாவூர் மாவட்டத்தில் தொடங்கிய தீவிர வேளாண்மை மாவட்டத் திட்டத்தின் வழக்குப் பெயர். விதை, உரம், கடன், மண் பரிசோதனை, சேமிப்பு, விற்பனை என்று துறைக்குத் துறை பிரிந்து நடந்த வேலைகளை ஒரு பொறுப்பின்கீழ் இணைத்து, பட்டம் தப்பாமல் ஒரே விவசாயியிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது இதன் நோக்கம். நன்னிலம் தாலுகாவும் இதில் அடங்கியிருந்தது. நிர்வாகவியலார் இன்று புரோகிராம் மேனேஜ்மென்ட் என்று பாடம் நடத்தும் முறைக்குத் தமிழ்நாட்டில் இதைவிடத் தெளிவான பழைய உதாரணம் காட்டுவது கடினம்.

புராஜெக்டுக்கும் புரோகிராமுக்கும் உள்ள வேறுபாட்டை இந்த மாவட்டத்தை வைத்தே சொல்லலாம். ஒரு கிடங்கு கட்டுவது புராஜெக்ட். கட்டி முடித்துச் சாவியைக் கொடுத்துவிட்டால் கணக்கு முடிந்தது. அந்தக் கிடங்கில் நடவுக்கு முன்பே உரம் இருக்க வேண்டும், உரம் வாங்கக் கடன் அதற்கும் முன்பே கைக்கு வர வேண்டும், விளைந்ததை நியாயமான விலைக்கு வாங்க ஆள் இருக்க வேண்டும் என்று எல்லாவற்றையும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்ப்பது புரோகிராம். அமெரிக்கக் கடற்படை போலாரிஸ் ஏவுகணைக்காக 1958இல் ‘பெர்ட்’ என்ற வலைப்பின்னல் கணக்கு முறையை உருவாக்கியது. பிரிட்டிஷ் அரசின் புரோகிராம் மேனேஜ்மென்ட் கையேடு 1999இலும், அமெரிக்கப் புராஜெக்ட் மேனேஜ்மென்ட் இன்ஸ்டிட்யூட்டின் தரநூல் 2006இலும் வந்தன. தஞ்சாவூரில் அந்த வேலை 1960லேயே நெல் வயலில் தொடங்கிவிட்டது.

தோற்றம்

1950களின் பிற்பகுதியில் நாட்டில் உணவுப் பற்றாக்குறை கடுமையாக இருந்தது. ஃபோர்டு அறக்கட்டளை அனுப்பிய வேளாண் வல்லுநர் குழு 1959 ஏப்ரலில் அறிக்கை தந்தது. நாடு முழுக்க மெல்லிதாகப் பரப்பும் முயற்சியைவிட, நீர்வசதி உறுதியாக உள்ள சில மாவட்டங்களில் எல்லாவற்றையும் ஒருசேரக் கொடுத்துப் பார்க்கலாம் என்பது அதன் சாரம். முதல் தொகுதியில் ஏழு மாவட்டங்கள் தேர்வாயின: தஞ்சாவூர், மேற்கு கோதாவரி, ஷாஹாபாத், ராய்ப்பூர், அலிகார், லூதியானா, பாலி. கூட்டுறவு வழியாகக் கடன், இடுபொருள், விலை உத்தரவாதம், விற்பனை வசதி, தொழில்நுட்ப அறிவுரை, தனிப் பண்ணைத் திட்டம், கிராமத் திட்டம், பொதுப்பணிகள், மதிப்பீடு, இவை அனைத்துக்கும் ஒருங்கிணைப்பு என்று பத்து அம்சங்கள் வகுக்கப்பட்டன. பத்தாவதாகச் சொல்லப்பட்ட ஒருங்கிணைப்பு நடக்காவிட்டால் மற்ற ஒன்பதும் பழையபடி ஒன்பது இலாகாக்கள்தான்.

வயலில் நடந்தது

மாவட்டத்துக்கு ஒரு திட்ட அலுவலர், அவருக்குக் கீழே பயிர், மண், பூச்சி, கூட்டுறவு ஆகியவற்றுக்குத் தனித்தனி வல்லுநர்கள். வழக்கமாக ஒரு வட்டாரத்துக்குப் பத்து கிராம சேவக்குகள். பாக்கேஜ் வட்டாரங்களில் இருபது. எல்லாச் சுமையும் கடைசியில் அந்தக் கிராம சேவக் தலையில்தான் விழுந்தது. அவர் விவசாயியின் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து படிவம் நிரப்புவார்: எத்தனை மா குறுவை, எத்தனை மா சம்பா, என்ன ரகம், அடியுரம் எவ்வளவு, மேலுரம் எவ்வளவு, அதற்குக் கடன் எவ்வளவு. அந்தப் படிவத்தை வைத்துத்தான் கூட்டுறவுச் சங்கம் கடன் கொடுக்கும். கடனில் ஒரு பங்கு ரொக்கம், மறுபங்கு உரமாக. படிவம் தாமதித்தால் கடன் தாமதிக்கும், கடன் தாமதித்தால் உரம் தாமதிக்கும். மேலுரம் இட வேண்டிய நாள் போனபின் வரும் யூரியாவால் யாருக்கு லாபம்? ஆயிரக்கணக்கான படிவங்களை வீடுவீடாகப் போய் நிரப்புவது எந்தப் பணியாளருக்கும் எளிதல்ல. பல இடங்களில் அது கடனுக்கான சடங்காகத் தேய்ந்தது.

திட்டத்துக்கு உயிர் கொடுத்தது ஏடிடி 27. ஆடுதுறை ஆராய்ச்சி நிலையம் ஜப்பானிய ரகத்தையும் உள்ளூர் ரகத்தையும் இணைத்து உருவாக்கி, 1960களின் நடுவில் வெளியிட்ட குறுகிய கால நெல் இது. உரத்தைத் தாங்கியது, குறுவைக்குப் பொருந்தியது. குறுவையும் தாளடியுமாக இருபோகம் பரவ இது பெரிய காரணம்.

அதோடு யாரும் எதிர்பாராத சிக்கலும் வந்தது. குறுவை அறுப்பு வடகிழக்குப் பருவமழையோடு மோதும். ஏடிடி 27க்கு விதை உறக்கம் குறைவு. அறுத்துப் போட்ட ஈர நெல் களத்திலேயே முளை விட்டது. விளைச்சலைக் கூட்ட எல்லாத் துறைகளும் கூடி வேலை செய்தன. நெல்லை உலர்த்துவது எந்தத் துறையின் பட்டியலிலும் பெரிதாக இல்லை. இந்தத் தேவையிலிருந்தே 1967இல், நன்னிலத்துக்குப் பக்கத்தில் உள்ள திருவாரூரில், தஞ்சாவூர் கூட்டுறவு விற்பனை இணையத்தின் நவீன அரிசி ஆலை வளாகத்தில் ஓர் ஆராய்ச்சிக்கூடம் உருவானது. மைசூர் உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தின் முதல் இயக்குநரான வெ. சுப்பிரமணியன் அங்கே சாதாரண உப்பைக் கலந்து ஈர நெல்லைக் கெடாமல் வைக்கும் முறையை உருவாக்கினார். 1972இல் நெல் பதப்படுத்தல் ஆராய்ச்சி மையமாக மாறிய அந்தக் கூடமே, பின்னர் தஞ்சாவூருக்குப் பெயர்ந்து, இன்று தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனமாக நிற்கிறது. பாக்கேஜ் காலம் விட்டுச்சென்றவற்றுள் நிலைத்தது இதுதான் என்பது இக்கட்டுரையாளர் கருத்து.

எல்லைக்கு வெளியே இருந்தவை

திட்ட அலுவலர் கையில் இல்லாதவை இரண்டு: தண்ணீரும் நிலமும்.

நன்னிலம் பகுதிக்கு அரசலாறு, திருமலைராஜன், முடிகொண்டான், புத்தாறு வழியே வரும் நீர் மேட்டூர் அணையைச் சார்ந்தது. 1934இல் முடிந்த அந்த அணை ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடுவது மரபு. விதைப்பு, கடன், உரம் எல்லாவற்றின் நாட்காட்டியும் இந்தத் தேதியில் தொங்குகிறது. ஆனால் அணை அன்று பொதுப்பணித் துறையிடம், மழையோ குடகில், பின்னாளில் கபினி, ஹேமாவதி அணைகள் கர்நாடகத்தில் எழுந்தன. 2011க்குப் பிறகு 2020 வரை குறுவைக்கு உரிய காலத்தில் மேட்டூர் திறக்கவே இல்லை.

நிலம் இதைவிடச் சிக்கல். உழுதவர்களில் பெரும்பங்கினர் மிராசுதார்களிடமும் கோயில், மடங்களிடமும் வாய்மொழிக் குத்தகைக்கு எடுத்தவர்கள். 1955ஆம் ஆண்டுச் சட்டம் குத்தகைதாரருக்குப் பாதுகாப்பும், 1956ஆம் ஆண்டுச் சட்டம் நியாயமான குத்தகையும் சொல்லின. ஆனால் பெயர் பதிவில் இல்லாதவர் எந்தச் சட்டத்தைக் காட்டுவார், எந்தச் சங்கத்தில் கடன் கேட்பார்? திட்டக் குழுவுக்காகப் பாக்கேஜ் மாவட்டங்களை ஆராய்ந்த வுல்ஃப் லாடஜின்ஸ்கி இந்த ஓட்டையைத்தான் சுட்டினார். குத்தகைதாரர் நிலையே இது என்றால், நிலமே இல்லாத விவசாயத் தொழிலாளர்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அவர்களில் மிகப் பலர் தலித்துகள். விளைச்சல் கூடியதும் அறுவடைக் கூலியில் பங்கு கேட்டுக் கீழத்தஞ்சை முழுக்க அவர்களுடைய சங்கங்கள் போராடின. இந்தக் கூலிப் போராட்டத்தின் நடுவே 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். அதற்குப் பின் கணபதியாப் பிள்ளை ஆணையமும், 1969இல் நியாயக் கூலிச் சட்டமும் வந்தன. அமெரிக்க அரசியல் ஆய்வாளர் ஃபிரான்சின் ஃபிராங்கெல் 1971இல் வெளியிட்ட பசுமைப் புரட்சி பற்றிய நூலில் தஞ்சாவூரை ஐந்து மாவட்டங்களில் ஒன்றாக எடுத்துக்கொண்டது இந்தப் பின்னணியில்தான்.

கூலி, குத்தகை, உலர்த்தல் ஆகிய மூன்றும் முதல் நாளிலிருந்தே பத்து அம்சங்களுக்குச் சமமாக வைக்கப்பட்டிருக்க வேண்டும். பாக்கேஜ் திட்டம் தோற்றது என்று சொல்ல முடியாது. நெல் கூடியது உண்மை. அது தனக்கு வரைந்துகொண்ட எல்லைதான் குறுகியது.

பிற்காலம்

1964-65இல் இதே முறை சற்று எளிமையாக 114 மாவட்டங்களுக்கு விரிந்தது. 1966இல் வீரிய ரகத் திட்டம் வந்தபின் பாக்கேஜின் தனி அடையாளம் மங்கியது. எஸ். ஆர். சென் தலைமையிலான மதிப்பீட்டுக் குழுவின் நான்காவது அறிக்கை 1960-68 காலத்தை முழுமையாகப் பரிசீலித்தது.

நன்னிலம் 1991இல் தஞ்சாவூரிலிருந்து பிரிந்து நாகப்பட்டினம் மாவட்டத்திலும், 1997 முதல் திருவாரூர் மாவட்டத்திலும் உள்ளது. 2021இல் தமிழ்நாடு அரசு டெல்டா மாவட்டங்களுக்குக் குறுவைத் தொகுப்புத் திட்டம் அறிவித்தது. மானிய விதையும் இலவச உரமும் அதில் இடம்பெற்றன. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் பார்த்து நெல்லை நிறுத்தும் தகராறு மட்டும் ஒவ்வொரு குறுவை அறுப்பிலும் தொடர்கிறது.