சகிப்பும் உரிமையும்: டமரிஸ்கோட்டா மில்ஸ் பங்கின் வரலாறு

கிராமத் தேவாலயங்களின் வரலாறு பெரும்பாலும் கட்டட வரலாறாகவே எழுதப்படுகின்றது. அடிக்கல் இட்டவர், பொருள் உதவியவர், அபிஷேகம் செய்தவர் ஆகியோரின் பெயர்களோடு அது நிறைவுபெற்று விடும். ஐக்கிய அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தில் நியூகாசில் என்னும் ஊரைச் சார்ந்த டமரிஸ்கோட்டா மில்ஸ் கத்தோலிக்கப் பங்கின் வரலாற்றை இவ்வாறு சுருக்கிவிட முடியாது. சகித்துக் கொள்ளப்படுதல் வேறு, உரிமை பெறுதல் வேறு என்னும் உண்மையை அச்சிறு சமூகம் நீதிமன்றத்தின் வாயிலாகவே அறிந்துகொண்டது.

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் அயர்லாந்திலிருந்து குடியேறிய ஜேம்ஸ் கவனா, மத்தேயு கொட்றில் ஆகிய இருவரும் மரத் தொழிலாலும் கப்பல் வாணிபத்தாலும் இங்கு செல்வம் ஈட்டினர். அக்காலத்தில் மேய்ன், மசச்சூசெற்ஸ் மாநிலத்தின் ஒரு பகுதியாகவே இருந்தது. புரட்டஸ்தாந்து போதகர்களைப் பேணுவதற்கு ஊரவரிடம் வரி அறவிடும் முறையை அம்மாநிலத்தின் 1780ஆம் ஆண்டு அரசியலமைப்பு அனுமதித்திருந்தது. கத்தோலிக்கருக்கோ நிலையான குருவானவர் இல்லை. பிரெஞ்சுப் புரட்சியினால் நாடிழந்து பொஸ்ரன் நகரிற் பணியாற்றிய மத்தினியோன், செவெரஸ் என்னும் குருமாரே இடையிடையே வந்து திருப்பலி ஒப்புக்கொடுத்தனர்.

1800இல் மேய்னில் ஒரு திருமணத்தை நடத்திவைத்தமைக்காகச் செவெரஸ் அடிகளார் மீது குற்றவழக்குத் தொடரப்பட்டது. அவர் விடுதலை பெற்றார். ஆயின், தாம் செலுத்தும் சமயவரி தம் குருவானவரையே சேரவேண்டும் எனக் கவனாவும் கொட்றிலும் முன்வைத்த கோரிக்கையை 1801இல் உயர்நீதிமன்றம் நிராகரித்தது. கத்தோலிக்கர் சகித்துக் கொள்ளப்படுகின்றனர். அதற்கு மேல் அவர்கள் எதனையும் எதிர்பார்த்தல் ஆகாது என்பதே அத்தீர்ப்பின் சாரம்.

இத்தோல்விக்குப் பின்னரே அவ்வூரில் செங்கல் ஆலயம் எழுந்தது என்பது கருத்திற் கொள்ளத்தக்கது. பிறர் போதகருக்கு வரி செலுத்திக்கொண்டே தமக்கும் ஓர் ஆலயத்தை அவர்கள் கட்டினர். 1807இல் தொடங்கிய பணி மறு ஆண்டில் நிறைவெய்த, 1808 யூலை 17ஆம் நாள் செவெரஸ் அடிகளார் அதனைப் புனித பத்திரிசியாரின் பெயரால் அபிஷேகம் செய்தார். நியூ இங்கிலாந்துப் பகுதியில் இன்றுவரை நிலைத்திருக்கும் கத்தோலிக்க ஆலயங்களுள் இதுவே மிகப் பழையது. அதன் மணி, புகழ்பெற்ற பால் ரிவியரின் வார்ப்பகத்தில் உருவானது.

சட்டம் மெல்லவே இளகியது. 1811ஆம் ஆண்டுச் சட்டம் ஒருவரது சமயவரி அவர்தம் போதகரைச் சென்றடைய வழிசெய்தது. 1820இல் தனி மாநிலமான மேய்ன், எந்தச் சமயப் பிரிவுக்கும் முதன்மை அளிக்காத அரசியலமைப்பை ஏற்றது. 1843இல் அம்மாநிலத்தின் பதில் ஆளுநராகப் பொறுப்பேற்றவர் எட்வேட் கவனா. 1801இல் வழக்கிற் தோற்ற ஜேம்ஸ் கவனாவின் மைந்தர் இவரே.

தந்தைக்கு மறுக்கப்பட்ட சமநிலை மைந்தர் காலத்திற் கைகூடியது. இடைப்பட்ட நான்கு தசாப்தங்களும் அம்மக்களை ஒன்றுகூட்டி வைத்திருந்தது அந்தச் செங்கல் ஆலயமே எனலாம்.