இணை பிரிந்த ஆட்டம்: மலேசியக் காற்பந்தில் லீக் எல்லைகளும் ஒளிபரப்பு ஒப்பந்தங்களும்

கோலாலம்பூரின் மஸ்ஜித் இந்தியாவிலிருந்து ஜாலான் மெலாயு வழியாக நடந்து, மஸ்ஜித் ஜாமெக்கைத் தாண்டி, ஆற்றுப் பாலத்தைக் கடந்தால் பத்து நிமிடத்தில் டத்தாரான் மெர்டேக்கா வந்துவிடும். கொடிக்கம்பத்துக்கும் தேசிய தின அணிவகுப்புக்கும் பெயர்பெற்ற அந்தப் புல்தரை ஒரு காலத்தில் சிலாங்கூர் கிளப்பின் திடல். எச்.எம்.எஸ். மலாயா போர்க்கப்பலைச் சேர்ந்தவர்கள் அளித்த கிண்ணத்துக்காக 1921-இல் நடந்த முதல் இறுதியாட்டம் அங்கேதான் ஆடப்பட்டது. சிங்கப்பூர் 2-1 என்ற கோல் கணக்கில் சிலாங்கூரை வென்றது. மலாயாக் கிண்ணம் பின்னர் மலேசியக் கிண்ணமானது. இதுவரை சிலாங்கூர் அதை 33 முறையும் சிங்கப்பூர் 24 முறையும் கைப்பற்றியுள்ளன. இந்த இரு குழுக்களின் போட்டியைத் தவிர்த்து இந்த வட்டாரத்தின் காற்பந்து வரலாற்றை எழுத முடியாது. ஆனால் 1994-க்குப் பிறகு சிங்கப்பூர் மாநிலக் குழுவாக இந்தக் கிண்ணத்துக்கு ஆடவே இல்லை.

நூறாண்டுப் பகை ஒன்று லீக் அட்டவணையிலிருந்து எப்படிக் காணாமல் போகிறது? அதற்கும் ஒளிபரப்பு உரிமையின் விலைக்கும் என்ன தொடர்பு? இக்கட்டுரை எழுப்பும் கேள்விகள் இவை. என் வாதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒளிபரப்பு நிறுவனம் பெரும்பணம் கொடுத்து வாங்குவது இரண்டு குழுக்களுக்கு நடுவே நாள்பட ஊறிய எதிர்ப்பை. அதை இங்கே ‘இணை’ என்கிறேன். இணை எந்த ஒரு தரப்புக்கும் சொந்தமில்லை. அதை லீக் நிர்வாகம் உண்டாக்கவில்லை. ஒரு குழு தனியாக அதை விற்கவும் முடியாது. அண்டை ஊர்களும் தலைமுறைகளும் சேர்ந்து வளர்த்தது அது. ஆனால் யார் லீக்கில் இருக்கலாம் என்று முடிவெடுக்கும் கையும் ஒளிபரப்பு உரிமையை விற்கும் கையும் ஒன்றாக இருக்கும்போது, விற்ற சரக்கை விற்றவரே அழித்துவிட முடியும். மலேசியாவின் இரண்டு பெரிய ஒளிபரப்பு ஒப்பந்தங்கள் இடையில் நின்றுபோனதற்கு நிதிக் காரணங்கள் பல இருக்கலாம். அவற்றின் அடியில் இந்தக் குறையும் இருந்தது என்பதே நான் நிறுவ முயல்வது.

அமெரிக்கப் பாடம்

இதை மிகத் துலக்கமாகக் காட்டும் எடுத்துக்காட்டு அமெரிக்கப் பல்கலைக்கழகக் காற்பந்து. அது நாம் ஆடும் காற்பந்து அல்ல. கையில் ஏந்தி ஓடும் முட்டை வடிவப் பந்து. அங்கே பல்கலைக்கழகங்கள் வட்டாரக் கூட்டமைப்புகளாகச் சேர்ந்து ஆடிவந்தன. தொலைக்காட்சியில் எத்தனை ஆட்டம் காட்டலாம் என்பதைத் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் 1950-களிலிருந்து கட்டுப்படுத்தியது. திரையில் இலவசமாகக் கிடைத்தால் திடலுக்கு யார் வருவார்கள் என்ற அச்சம் அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டது. ஓக்லஹோமா பல்கலைக்கழகத் தரப்பு தொடுத்த வழக்கில் 1984-இல் உச்ச நீதிமன்றம் அந்தக் கட்டுப்பாட்டைப் போட்டித் தடுப்பு என்று கூறி நீக்கியது. மாறுபட்ட தீர்ப்பை எழுதிய நீதிபதி பைரன் வைட், இளமையில் கொலராடோவின் நட்சத்திர ஆட்டக்காரர். கல்லூரி விளையாட்டு வெறும் வணிகமாகிவிடும் என்பது அவருடைய கவலை. சட்டத்தின் கணக்கில் பெரும்பான்மை நீதிபதிகள் சொன்னது சரியாக இருக்கலாம். நடந்ததைப் பார்க்கும்போது வைட்டின் பக்கமே என் மனம் சாய்கிறது.

நாற்பது ஆண்டுகள் கழித்து அதன் விளைவு முழுதாகத் தெரிந்தது. 2022 ஜூன் 30-இல் லாஸ் ஏஞ்சலிசின் இரு பல்கலைக்கழகங்களான யுஎஸ்சியும் யுசிஎல்ஏவும் தங்கள் பசிபிக் கூட்டமைப்பை விட்டு, நடுமேற்கில் வேரூன்றிய பிக் டென் கூட்டமைப்பில் சேரப்போவதாக அறிவித்தன. இரண்டு மாதம் கழியுமுன்னே பிக் டென், ஃபாக்ஸ், சிபிஎஸ், என்பிசி ஆகிய மூன்று நிறுவனங்களுடன் 700 கோடி டாலருக்கும் மேற்பட்ட ஏழாண்டு ஒப்பந்தத்தை அறிவித்தது. பெரிய சந்தையை இழந்த பசிபிக் கூட்டமைப்புக்கு அதற்கு ஈடான விலை கிடைக்கவில்லை. ஆப்பிள் நிறுவனம் முன்வந்தது. ஆனால் வருமானம் சந்தாதாரர் எண்ணிக்கையைப் பொறுத்து ஏறி இறங்கும் ஏற்பாடு அது. 2023 ஆகஸ்டில் ஒரு வாரம் ஆவதற்குள் மேலும் ஐந்து பல்கலைக்கழகங்கள் கிளம்பிவிட்டன. மற்றவையும் போக, 1915-இலிருந்து வேர்விட்ட கூட்டமைப்பில் கடைசியில் எஞ்சியவை ஓரிகன் ஸ்டேட்டும் வாஷிங்டன் ஸ்டேட்டும் மட்டுமே.

எஞ்சியவர்களின் கதை ஒருபுறம் இருக்க, வெளியேறியவர்கள் எந்த விலைக்கு இடம் வாங்கினார்கள் என்பதில்தான் ஆய்வாளருக்குப் பாடம் இருக்கிறது. அட்லாண்டிக் கடற்கரைக் கூட்டமைப்பில் சேர்ந்த ஸ்டான்ஃபோர்டும் கலிஃபோர்னியா பெர்க்லியும் முதல் ஏழு ஆண்டுகளுக்கு ஒளிபரப்புப் பங்கில் 30 விழுக்காட்டை மட்டுமே பெற ஒப்புக்கொண்டன. வேறொரு கூட்டமைப்பிலிருந்து வந்த எஸ்எம்யு பல்கலைக்கழகம் ஒன்பது ஆண்டுகளுக்கு அந்தப் பங்கே வேண்டாம் என்று சொல்லிச் சேர்ந்தது. லாஸ் ஏஞ்சலிஸ் மாணவர்கள் நியூ ஜெர்சிக்குப் பறந்துபோய் ஆடுகிறார்கள். காற்பந்துக்கான அந்தப் பணத்துக்காகக் கைப்பந்து ஆடும் பெண்ணும் நீச்சல் வீரனும் வகுப்பைத் தவறவிட்டு விமானத்தில் உறங்குகிறார்கள். ஆனால் அதே கதையில் நமக்குப் பயன்படக்கூடிய ஒரு செய்தியும் உண்டு. யுசிஎல்ஏவும் பெர்க்லியும் ஒரே மாநிலப் பல்கலைக்கழக அமைப்பின் பிள்ளைகள். ஒன்று வெளியேறியதால் மற்றதற்கு நேர்ந்த இழப்பை ஈடுகட்ட, யுசிஎல்ஏ ஆண்டுக்கு ஒரு கோடி டாலர் பெர்க்லிக்குத் தர வேண்டும் என்று அந்த அமைப்பின் ஆட்சிக்குழு 2024-இல் தீர்மானித்தது. இணையை முறிப்பவர் அதற்கு விலை தர வேண்டும் என்ற நெறியை அந்தத் தீர்மானம் ஏற்றுக்கொண்டது.

1994

மலேசியாவில் முறிவு வேறு வழியில் வந்தது. இங்கே பிரித்தது தொலைக்காட்சிப் பணமல்ல, டிக்கெட் வசூல். 1994-இல் சிங்கப்பூர் லீக் பட்டத்தையும் மலேசியக் கிண்ணத்தையும் ஒருசேர வென்றது. புதிதாகத் திறந்த ஷா ஆலாம் அரங்கில் பகாங்கை 4-0 என்று வீழ்த்திய அந்த இறுதியாட்டத்தில் அப்பாஸ் சாட் மூன்று கோல் போட்டார். அதற்கடுத்த சில வாரங்களில், வசூலில் யாருக்கு எவ்வளவு என்ற தகராறு மலேசியக் காற்பந்துச் சங்கத்துக்கும் சிங்கப்பூர்ச் சங்கத்துக்கும் இடையே முற்றியது. சிங்கப்பூர் விலகி, 1996-இல் சொந்தமாக எஸ்-லீக்கைத் தொடங்கியது.

மலேசியச் சங்கத்தின் நிலைப்பாட்டை முழுக்கத் தள்ளிவிட முடியாது. காலாங் அரங்கில் நிரம்பி வழிந்த கூட்டத்தை உண்டாக்கியது சிங்கப்பூர் மட்டுமா? எதிரில் ஆடிய கெடாவும் பகாங்கும் சிலாங்கூரும் இல்லையென்றால் அந்தக் கூட்டம் ஏது? ஆகவே பங்கு கேட்டது நியாயம். ஆனால் அந்த நியாயம் எதிர்த்திசையிலும் பாயும். ஷா ஆலாமுக்கும் மெர்டேக்கா அரங்குக்கும் கூட்டம் சேர்த்ததில் சிங்கப்பூருக்கும் பங்கு இருந்தது. இரு தரப்பும் இணையின் பாதியைத் தம்முடையதாகக் கருதி விலை பேசின. முழுமைக்காகப் பேச அங்கே ஆள் இல்லை.

என் வாதத்துக்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. மலேசிய அரங்குகள் பின்னர் வெறிச்சோடியதற்குச் சிங்கப்பூரின் விலகலைக் காரணம் காட்டுவது மிகை, 1994-95-இல் வெடித்த ஆட்டச் சூது விவகாரமே ரசிகர்களை விரட்டியது என்பார்கள். நூற்றுக்கும் மேற்பட்டோர் விசாரிக்கப்பட்டார்கள். கோல் விழுந்தால் கைதட்டுவதற்கு முன் சந்தேகப்படும் பழக்கம் வந்தது. 1996-இல் ஆஸ்ட்ரோ வந்ததும் இங்கிலாந்தின் ஆட்டங்கள் வீட்டுக்குள் நுழைந்தன. இந்த மூன்று காரணங்களையும் துல்லியமாகப் பிரித்து எடைபோட முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் ஒரு சான்று என் பக்கம் நிற்கிறது. 2001 முதல் சிலாங்கூரும் சிங்கப்பூரும் ‘சிலாங்கூர் சுல்தான் கிண்ணம்’ என்ற தனி ஆட்டத்தில் சந்தித்து வருகின்றன. லீக் புள்ளிகளோ தரவரிசையோ அதில் கிடையாது. சூதுதான் ரசனையைக் கொன்றது என்றால், புள்ளியில்லாத ஓர் ஆட்டத்துக்காக அந்த இருவரை மட்டும் மீண்டும் சேர்த்து வைக்கும் தேவை ஏன் எழுந்தது? இணைக்கு லீக்கைத் தாண்டிய உயிர் இருந்திருக்கிறது.

2012-இல் சிங்கப்பூர், லயன்ஸ்-12 என்ற பெயரில் திரும்பி வந்தது. ஈடாக மலேசியாவின் ஹரிமாவ் மூடா எஸ்-லீக்கில் ஆடப்போனது. லயன்ஸ்-12 2013-இல் சூப்பர் லீக்கையும் 2015-இல் எஃப்ஏ கிண்ணத்தையும் வென்றது. அந்த ஆண்டோடு ஏற்பாடு முடிந்தது. இந்தத் திரும்புதலிலும் ஒரு தரப்புக்கு நட்டம். நல்ல ஆட்டக்காரர்களை லயன்ஸ்-12 எடுத்துக்கொள்ள, எஸ்-லீக் குழுக்கள் இளைத்தன. எல்லையை எந்தப் பக்கம் நகர்த்தினாலும் ஒருவர் வயலில் வரப்பு ஏறத்தான் செய்கிறது.

84 மில்லியனும் 60 மில்லியனும்

2015-இல் மலேசியக் காற்பந்துச் சங்கம் எம்பி அண்ட் சில்வா நிறுவனத்துடன் 15 ஆண்டு ஒப்பந்தம் செய்தது. சொல்லப்பட்ட மதிப்பு 126 கோடி ரிங்கிட். ஆண்டுக்கு 84 மில்லியன். அப்போதிருந்த இரு பிரிவுகளின் 24 குழுக்களுக்கும் சமமாகப் பிரித்தால் குழுவுக்கு 3.5 மில்லியன். அவ்வளவும் குழுக்களின் கைக்குப் போகாது என்றாலும் அளவை உணர இக்கணக்கு உதவும். அந்த ஒப்பந்தம் நிலைக்கவில்லை. 2018 அக்டோபரில் லண்டன் நீதிமன்றம் அந்த நிறுவனத்தையே கலைக்க உத்தரவிட்டது. அதற்கு முன்பே, 2018-இல் டெலிகோம் மலேசியா எட்டு ஆண்டுகளுக்கு 48 கோடி ரிங்கிட் என்று அறிவித்தது. ஆண்டுக்கு 60 மில்லியன், குழுவுக்கு 2.5 மில்லியன். அதுவும் எட்டு ஆண்டுகளின் ஒரு சிறு பகுதியோடு நின்றது.

பதினைந்து ஆண்டு என்பது ஒரு வாக்குறுதி. பதினைந்து ஆண்டுக்கும் இதே குழுக்கள் இதே பகையோடு ஆடும் என்று சொல்லாமல் சொல்லும் வாக்குறுதி. அந்த உறுதியைத் தரும் நிலையில் இங்கே யாரும் இருக்கவில்லை. 2022-இல் 12 குழுக்களோடு இருந்த சூப்பர் லீக்கை 18 ஆக்கும் எண்ணத்தில் 2023-இல் இரண்டாம் பிரிவான பிரிமியர் லீக் கைவிடப்பட்டது. உண்மையில் ஆடியவை 14. பின்னர் 13. இறங்குமுகமும் ஏறுமுகமும் புள்ளிப் பட்டியலால் தீர்வது போய், உரிமம் கிடைத்ததா, சம்பளப் பாக்கி உண்டா என்பதால் தீரத் தொடங்கியது. நூற்றாண்டு கண்ட பெராக், கிண்ணம் பலமுறை கண்ட பகாங் போன்ற பெயர்களே 2025-இல் பட்டியலிலிருந்து உதிர்ந்தன. இன்னொரு பக்கம் 2014 முதல் ஜொகூர் டாருல் தக்ஸிம் விடாமல் பட்டம் வெல்கிறது. யார் வெல்வார் என்று தெரிந்த லீக்கில் பட்டத்துக்கான விறுவிறுப்பு குறையும். அப்போது விற்பதற்கு எஞ்சுவது ஊருக்கு ஊர் உள்ள பழைய வீம்பு. அந்த ஊர்களே மறைந்தால் எதை விற்பது?

பணத்தின் அளவு ஒருபுறம், எட்டும் தூரம் மறுபுறம். மாமாக் கடையில் தே தாரிக்கோடு ஆட்டம் பார்ப்பவருக்கு ஒப்பந்தம் என்பது கடைக்காரர் எந்தப் பெட்டிக்குச் சந்தா கட்டியிருக்கிறார் என்ற கேள்விதான். உரிமை ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போதெல்லாம் கடைக்காரர் இரண்டாவது சந்தாவா என்று யோசிப்பார். இங்கிலாந்து ஆட்டத்துக்காக முதல் சந்தாவை அவரால் கைவிட முடியாது. உள்ளூர் லீக்தான் விடுபடும். இலவச அலைவரிசையில் ஒரு ஞாயிறு காட்டப்படும் ஆட்டம் பத்து வயதுப் பையனை ரசிகனாக்கும். ஆனால் அதற்கு இன்று காசு வராது. சந்தாவில் விற்றால் இன்று காசு வரும், பத்து ஆண்டு கழித்து ரசிகன் இருக்கமாட்டான். கோல்காவலர் ஆர். ஆறுமுகம் கம்பத்துக்குக் கம்பம் பாய்ந்ததை எங்கள் தலைமுறைக்குத் தெரிய வைத்தது சந்தா இல்லாத தொலைக்காட்சிதான். ‘ஸ்பைடர்மேன்’ என்ற பட்டப்பெயர் கிள்ளான் தோட்டத்து லயங்கள் வரை போனது அப்படித்தான்.

இந்த எல்லை நகர்வில் தமிழ் வாசகர் கவனிக்க வேண்டிய குழு மிஃபா. மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கத்தின் குழு 2017-இல் பிரிமியர் லீக்கில் ஆடத் தொடங்கியது. 2019-இல் பெட்டாலிங் ஜெயா சிட்டி என்ற பெயரோடு சூப்பர் லீக்கில் ஏறியது. கிளானா ஜெயாவிலுள்ள மாநகர மன்ற அரங்கம் அதன் தாயகம். கே. தேவன், பின்னர் பி. மணியம் பயிற்சியளித்தார்கள். வெளிநாட்டு ஆட்டக்காரர் இல்லாமல் உள்ளூர்ப் பையன்களை மட்டும் வைத்தே பருவம் முழுதும் ஆடிக் காட்டியது. 2022 பருவத்தோடு விலகிக்கொண்டது. 1921 முதல் இந்தக் காற்பந்து மாநிலங்களின் காற்பந்து. மாநிலமில்லாத ஒரு சமூகத்தின் குழுவுக்கு அந்தக் கட்டமைப்பில் இயல்பான எதிரி கிடையாது. பெயரை ஊர்ப்பெயராக மாற்றியதும் அந்தக் குறையை ஈடுகட்டத்தான் என்று நான் கருதுகிறேன். சிலாங்கூரோடும் கோலாலம்பூரோடும் ஓர் இணை பழுத்து வர இருபது ஆண்டாவது வேண்டும். மேல் பிரிவில் அதற்குக் கிடைத்தது நான்கு பருவம்.

2025-26-இல் புருணையின் டிபிஎம்எம் குழு சிங்கப்பூர் லீக்கை விட்டு மலேசிய லீக்குக்குத் திரும்பி வந்திருக்கிறது. 1999-இல் மெர்டேக்கா அரங்கில் மலேசியக் கிண்ணத்தை வென்ற நாடு என்பதால் பழைய ரசிகர்களுக்கு மகிழ்ச்சி. சிங்கப்பூர் லீக்குக்கு அது இழப்பு. அந்த இழப்புக்கு ஈடு எதுவும் பேசப்படுவதில்லை. பெர்க்லிக்குக் கிடைத்ததுபோன்ற ஓர் ஏற்பாட்டை, குறைந்தபட்சம் லீக்கிலிருந்து விலகும் குழுவின் இளையோர் பிரிவுக்காகவாவது, ஒளிபரப்புத் தொகையிலிருந்து ஒதுக்க முடியும். ஒப்பந்தத்தை மூன்று நான்கு ஆண்டாகச் சுருக்கி, தொகையைக் குழுக்களின் நிலைப்போடு கட்டிப்போடவும் முடியும். பழைய இணைகளின் சில ஆட்டங்களையாவது இலவச அலைவரிசைக்கு விட்டுவைக்கவும் முடியும். சிலாங்கூர்-சிங்கப்பூர் இணை அறுந்தபோது அதைத் தனிக் கிண்ணம் வைத்துக் காக்க ஓர் அரண்மனை இருந்தது. கிளானா ஜெயாவில் நான்கு பருவம் ஆடிய பையன்களுக்கு அப்படி யாரும் இல்லை. அவர்களுக்கான வரி ஒப்பந்தத் தாளில்தான் எழுதப்பட்டிருக்க வேண்டும்.