வராத நிலநடுக்கத்தின் நட்டம்



நிலநடுக்கம் வந்தால் நட்டம் என்று தெரியும். வரும் என்ற பேச்சே நட்டம் கொடுத்த கதை இது.

பெரு நாட்டில் 1970 மே 31 அன்று வந்த நிலநடுக்கத்தில் சுமார் 70,000 பேர் மாண்டார்கள். யுங்காய் என்ற ஊர் மலைச்சரிவில் புதைந்தே போனது. அந்தத் துயரம் ஆறுவதற்குள், அமெரிக்கச் சுரங்கத்துறை விஞ்ஞானி பிரயன் பிராடி, 1981-இல் தலைநகர் லிமா பக்கம் மாபெரும் நிலநடுக்கம் வரும் என்றார். சுரங்கத்தில் பாறை வெடிப்பதை ஆராய்ந்து அவர் போட்ட கணக்கு அது. அமெரிக்க நிபுணர் குழு ஜனவரியிலேயே அதை ஏற்க மறுத்துவிட்டது. ஆனால் பயம் அடங்கவில்லை. சுற்றுலா படுத்தது, வீடு, மனை விலை சரிந்தது.

ஜூன் 28 என்று நாளும் குறித்தாகிவிட்டது. மக்களுக்குத் தைரியமூட்ட, அமெரிக்கப் புவியியல் ஆய்வுத்துறையின் ஜான் ஃபில்சன் அன்று லிமாவிலேயே தங்கினார். ஒன்றும் நடக்கவில்லை.

பயத்தில் அடிமாட்டு விலைக்கு வீட்டை விற்றவருக்கு யார் பதில் சொல்வது?

நிலநடுக்கத்துக்கு நாள் குறிக்க இன்றும் அறிவியலால் முடியாது. உறுதியாக வீடு கட்ட முடியும். வாட்ஸ்அப்பில் தேதி போட்டு வரும் செய்தியை அடுத்தவருக்கு அனுப்புமுன் லிமாவை நினைத்துக்கொள்ளுங்கள், பிள்ளைகளே.