சுழியோடியின் கைக்கடிகாரமும் ஒரு சிறு கம்பியும்

சுழியோடியின் கைக்கடிகாரத்தைப் பற்றி எழுதப்பட்ட வரலாறுகள் பெரும்பாலும் அதன் கூட்டைப் பற்றியும், நீர் புகாத திருகாணியைப் பற்றியும், இருளில் ஒளிரும் முட்களைப் பற்றியுமே பேசுகின்றன. அக்கடிகாரத்தை மணிக்கட்டோடு பிணைத்து நிற்கும் சிறு கம்பியைப் பற்றி அவை பேசுவது அரிது. கூட்டின் இரு பக்கங்களிலும் காதுகள் போல நீண்டிருக்கும் பகுதிகளுக்கிடையே குறுக்காக அமைந்து, பட்டியைத் தாங்குவது அக்கம்பியே. மெல்லிய குழாயொன்று, அதனுள்ளே ஒரு சுருள்வில், இரு முனைகளிலும் உள்ளே அமுங்கி வெளியே துள்ளும் ஊசிகள்: இவ்வளவே அதன் அமைப்பு. கடிகாரத் தொழிலாளர் அதனை ஸ்பிறிங் பார் என்பர். தமிழில் வில்கம்பி எனல் பொருந்தும்.

இதன் விலை அற்பம், பொறுப்போ பெரிது. கடலடியில் அமுக்கப்பட்ட காற்றைச் சுவாசிக்கும் ஒருவனின் இரத்தத்திலும் தசையிலும் நைதரசன் வாயு கரைகின்றது. எவ்வளவு ஆழத்தில் எவ்வளவு நேரம் இருந்தானோ அவ்வளவுக்கு அது மிகுதியாகக் கரையும். அவன் விரைந்து மேலேறினால் அவ்வாயு குமிழிகளாகப் பிரிந்து மூட்டுகளையும் முள்ளந்தண்டையும் தாக்கும், உயிரையும் கொள்ளும். ஆகவே அடியில் கழித்த நிமிடங்களையும், ஏறும் வழியில் தங்கி நிற்கவேண்டிய நிமிடங்களையும் அவன் எண்ணியாக வேண்டும். ஆழத்தை அளக்கும் மின்கணிப்பொறி வருமுன்னர் அந்த எண்ணிக்கைக்கு அவனுக்கிருந்த துணை கைக்கடிகாரம் ஒன்றே. வில்கம்பியின் முனை காதிலிருந்து நழுவினால் அத்துணை ஓசையின்றிக் கடலடிக்குப் போய்விடும்.

முதலில் தோன்றிய கைக்கடிகாரங்களில் இத்தகைய வில்கம்பி இருக்கவில்லை. 1914ஆம் ஆண்டு மூண்ட முதலாம் உலக யுத்தத்தில் பதுங்குகுழிகளில் நின்ற வீரருக்குச் சட்டைப்பையிலிருந்து கடிகாரத்தை எடுத்துப் பார்ப்பது தொல்லையாயிற்று. சட்டைப்பைக் கடிகாரத்தை ஒத்த சிறு கூட்டின் இரு புறமும் வளைந்த கம்பிகளைப் பற்றாசு வைத்துப் பொருத்தி, அவற்றினூடே தோல்வாரைச் செலுத்திக் கையிற் கட்டிக்கொண்டனர். கம்பி அசையாது, ஆனால் வாரை மாற்றுவது எளிதன்று. 1930களில் வில்கம்பி பரவலாகப் புழக்கத்துக்கு வந்தபோது அக்குறை நீங்கிற்று. சிறு கவைக்கோலொன்றால் ஊசியை அமுக்கினால் பட்டி கையோடு வந்துவிடும். எளிதாகக் கழற்றக்கூடிய பொருள், கழற்ற எண்ணாத வேளையிலும் கழன்றுவிடக் கூடுமென்பதை நிலத்தில் நடப்போர் பெரிதாகக் கருதவில்லை.

கடலில் இறங்குவோர் கருதினர். இத்தாலியக் கடற்படைக்குப் புளோரன்ஸ் நகரத்துப் பனெராய் நிறுவனம் வழங்கிய கடிகாரங்களின் கூட்டையும் பொறியையும் றோலெக்ஸ் நிறுவனம் செய்து கொடுத்தது. 47 மில்லிமீற்றர் அகலமான அக்கூடுகளில் வில்கம்பியில்லை. பற்றாசு வைத்த பழைய கம்பி வளையங்களே இருந்தன. சுழியோடும் உடைக்கு மேலாகக் கட்டுவதற்கேற்ப வாரும் மிக நீளமாயிருந்தது. அக்கடற்படையின் சுழியோடிகள் அறுவர் 1941ஆம் ஆண்டு டிசெம்பர் 18ஆம் திகதி இரவு ஷிரே என்னும் நீர்மூழ்கியிலிருந்து வெளிப்பட்டு, மனிதர் ஏறிச் செலுத்தும் மூன்று குண்டுகளில் அலெக்சாந்திரியாத் துறைமுகத்துள் நுழைந்தனர். மறுநாட் காலை குவீன் எலிசபெத், வலியன்ட் என்னும் இரு பிரித்தானியப் போர்க்கப்பல்களின் அடியிலும் வெடிகள் வெடித்தன. குறித்த மணிக்கு வெடிக்குமாறு பொறி அமைத்துவிட்டு அகலவேண்டிய அத்தொழிலில் நேரம் தவறுவது உயிர் தவறுவதற்கு ஒப்பாகும். பின்னர் பனெராய் அக்கம்பி வளையங்களையும் போதாவெனக் கண்டு, கூட்டைச் செதுக்கிய அதே உருக்குக் கட்டியிலிருந்தே காதுகளையும் செதுக்கலாயிற்று.

1943ஆம் ஆண்டு பிரான்சு தேசத்தவரான கூஸ்தோவும் காஞானும் முதுகிற் சுமக்கும் காற்றுக் கருவியை ஆக்கியபின் கடலடிக்குச் செல்வோர் தொகை பெருகிற்று. பிரெஞ்சுப் போர்ச் சுழியோடிகளின் தலைவர்களான மலுபியே, றிஃபோ என்போரின் தேவைக்கேற்ப பிளாங்பான் நிறுவனத்தின் தலைவர் பீக்டர் 1953ஆம் ஆண்டில் ஒரு கடிகாரத்தை உருவாக்கினார். அவரே ஒரு சுழியோடி. ஒருமுறை நீருக்கடியிற் காற்றுத் தீர்ந்து மயிரிழையில் உயிர் தப்பியவர். கடிகாரத்துக்கு ஐம்பது பாகம் எனப் பொருள்படும் ஆங்கிலப் பெயரையே சூட்டினார். ஐம்பது பாகம் என்பது ஏறத்தாழ 91 மீற்றர். நிமிடங்களைக் குறிக்கும் வெளிவளையம் தற்செயலாகத் திரும்பாதபடி பூட்டும், இரட்டைத் தடுப்புடைய திருகாணியும் அதில் இருந்தன. றோலெக்ஸ் நிறுவனத்தின் சப்மறீனரும் 1953ஆம் ஆண்டிலேயே பிறந்தது. நீர் புகுமிடங்கள் யாவும் ஆராயப்பட்டன. பட்டி கழலுமிடம் ஆராயப்பட்டது அதன் பின்னரே.

வில்கம்பி எவ்வாறு தோற்கின்றது? ஊசிமுனை ஒடிவதே காரணமெனப் பலர் எண்ணுவர். உண்மையில் பெரும்பாலும் முதலில் வளைவது நடுப்பகுதியே. பட்டியை வலிந்து இழுக்கும்போது குழாய் வில்லைப் போல வளைய, இரு முனைகளும் துளைகளிலிருந்து சற்றே உள்வாங்கும். ஒரு மில்லிமீற்றர் தடிப்புள்ள முனை அரை மில்லிமீற்றர் உள்வாங்கினாலே ஆபத்து. உப்புநீரின் தொழில் வேறு. அது குழாயினுள் புகுந்து காய்ந்து, உப்பை விட்டுச் செல்லும். சுருள்வில் துருவேறித் தன் வலுவை இழக்கும். வெளியே பளபளவென்றிருக்கும் கம்பியின் உள்ளே வில் பொடியாகியிருத்தலும் உண்டு.

பிரித்தானியப் பாதுகாப்பு அமைச்சு இதற்குக் கண்ட பரிகாரம் மிக நேரானது. வில்லே வேண்டாமென அது தீர்மானித்தது. 1967ஆம் ஆண்டளவில் அது பெற்ற ஒமேகா சீமாஸ்ரர் 300 கடிகாரங்களிலும், 1970களில் பெற்ற றோலெக்ஸ் சப்மறீனர்களிலும் காதுகளுக்கிடையே திண்ணிய கம்பிகள் நிரந்தரமாகப் பிணைக்கப்பட்டிருந்தன. இரு துண்டான சாதாரணப் பட்டியை இவற்றிற் கோக்க இயலாது. ஒரே துண்டான நாடா வேண்டும். 1973ஆம் ஆண்டு நொவெம்பரில் வெளியான பாதுகாப்பு நியமமொன்று அந்நாடாவை வரையறுத்தது: நைலோனாலானது, சாம்பல் நிறத்தது, 20 மில்லிமீற்றர் அகலமானது. அதனைப் பெறுவதற்கு வீரர் நிரப்பவேண்டிய படிவத்தின் எண் ஜி 1098 ஆகையால், ஜி 10 என்ற பெயர் நாடாவுக்கே நிலைத்துவிட்டது. அலுவலகப் படிவமொன்று உலகப் புகழ் பெற்றமை வேடிக்கையே.

அந்நாடாவின் சிறப்பு அது செல்லும் வழியில் உள்ளது. ஒரு கம்பியின் மேலாக உள்ளே நுழைந்து, கூட்டின் அடியால் ஓடி, மற்றக் கம்பியின் மேலே வெளிப்படும். சாதாரண வில்கம்பியுள்ள கடிகாரத்தில் இதனை மாட்டினால், ஒரு கம்பி கழன்றாலும் மற்றது கடிகாரத்தைத் தாங்கிக்கொள்ளும். வரையறை எழுதப்படுமுன்னரே நைலோன் நாடாக்கள் வழக்கிலிருந்தன. 1964ஆம் ஆண்டு வெளிவந்த கோல்ட்ஃபிங்கர் திரைப்படத்தில் ஜேம்ஸ் பொண்டாக நடித்த ஷோன் கொனரியின் சப்மறீனரில் கோடிட்ட நாடாவொன்று காணப்படுகிறது. காதுகளின் இடைவெளியிலும் நாடா மிக ஒடுங்கியது. அதனால் வழக்கமாக மறைந்திருக்கும் வில்கம்பி திரையில் வெட்டவெளியாகத் தெரிகின்றது. பிரெஞ்சுக் கடற்படையினரோ ரியூடர் நிறுவனத்திடமிருந்து கடிகாரத்தை மட்டும் பெற்று, பரசூற் குடையின் மீள்நாடாவை வெட்டித் தாமே பட்டி தைத்துக்கொண்டனர்.

யப்பானியர் வேறு வழி சென்றனர். செய்கோ நிறுவனம் 1965ஆம் ஆண்டில் 150 மீற்றர் ஆழத்துக்குரிய தன் முதற் சுழியோடிக் கடிகாரத்தை வெளியிட்டது. அதன்பின் வந்த அந்நிறுவனத்துச் சுழியோடிக் கடிகாரங்களில் வில்கம்பி பருத்தது. பிறர் 1.5 அல்லது 1.8 மில்லிமீற்றர் விட்டமுள்ள கம்பியைக் கையாள, செய்கோ 2.5 மில்லிமீற்றர் கம்பியை அமைத்தது. திண்ணிய கோலொன்றின் வளையாமை விட்டத்தின் நான்காம் அடுக்கோடு வளர்வது, அக்கணக்கில் 1.8 இலிருந்து 2.5 ஆகப் பருப்பது வலிமையை மூன்றரை மடங்குக்கு மேல் உயர்த்தும். குழாயாயின் கணக்கு சற்றே மாறுமெனினும் போக்கு அதுவே. 1982ஆம் ஆண்டில் சுழியோடிக் கடிகாரங்களுக்கென ஐ.எஸ்.ஓ. 6425 என்னும் சர்வதேச நியமம் வெளியாயிற்று. அந்நியமத்தின் சோதனைகளுள் ஒன்றில், பட்டி பிணையும் ஒவ்வோரிடத்தையும் எதிரெதிர்த் திசைகளில் 200 நியூற்றன் விசையால், அதாவது ஏறத்தாழ 20 கிலோகிராம் பாரத்தால், இழுத்துப் பார்ப்பர்.

இந்த நூற்றாண்டில் பழைய பாணிக் கடிகாரங்கள் மீண்டும் விருப்புக்குரியனவாயின. 2012ஆம் ஆண்டில் ரியூடர் தன் பிளாக் பே கடிகாரத்தையும், 2017ஆம் ஆண்டில் செய்கோ தன் 1965ஆம் ஆண்டுக் கடிகாரத்தின் மறுவடிவையும் வெளியிட்டன. பழைய கூடுகளையும் பழைய பாணிக் கூடுகளையும் வைத்திருப்போர் கடையில் வாங்கும் கம்பி சரியாக அமையாதபோது, தமக்கேற்றதைச் செய்விக்கலாயினர்.

அத்தொழில் அளவிலே தொடங்குகின்றது. 20 மில்லிமீற்றர் எனப் பெயர்பெற்ற இடைவெளி தேய்ந்த கூட்டில் சற்றுக் கூடியோ, அடிபட்ட கூட்டிற் குறைந்தோ இருக்கும்; வேணியர் இடுக்கியால் அதனை அளக்கவேண்டும். படிப்படியாகத் தடிக்கும் ஊசிகளைத் துளையில் நுழைத்து, எது ஆட்டமின்றிப் பொருந்துகின்றதெனப் பார்க்கவேண்டும். பின்னர் கறையில் உருக்குக் குழாயை வெட்டி, கடைசல் பொறியில் இரு முனைகளையும் கடைவர். ஒவ்வொரு முனையின் உட்பகுதியும் தடித்த தலையுடையதாக இருக்கும். சுருள்வில்லை நடுவே வைத்து முனைகளைப் புகுத்தியபின், குழாயின் வாயை உட்புறமாக நெரித்துவிட்டால் அத்தலை வெளியே வராது. விரிந்த நிலையில் கம்பியின் முழுநீளம் இடைவெளியிலும் இரண்டு மூன்று மில்லிமீற்றர் கூடியிருத்தல் வேண்டும்.

அவசரக்காரர் சிலர் பருத்த முனை நுழைவதற்காகக் காதின் துளையையே துரப்பணத்தால் அகலமாக்குவர். பழைய கூட்டுக்கு இதனினும் பெரிய கேடில்லை. குழாயை 2 மில்லிமீற்றராகப் பருக்க வைத்து, முனையை மட்டும் பழைய துளைக்கேற்பக் கடைவதே தேர்ந்த தொழிலாளியின் முறை. இன்னொரு பொறியும் உண்டு. பழைய சப்மறீனர்களில் காதின் துளை வெளிப்புறம் வரை ஊடுருவிச் சென்றது. வெளியிலிருந்து மெல்லிய முள்ளால் அமுக்கலாம். ஆகையால் கவைக்கோல் பற்றும் விளிம்பு கம்பிக்கு வேண்டியதில்லை. இந்த நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் அத்துளைகள் புதிய சப்மறீனர்களிலிருந்து மறைந்தன. ஊடுருவாத துளையில் விளிம்பில்லாக் கம்பியைப் பூட்டினால் அதனைப் பின்னர் அறுத்தே எடுக்க நேரும்.

பூட்டும்போது ஒரு முனையைத் துளையிலிட்டு, மற்றதை அமுக்கிக் காதின் உட்புறத்தோடு வழுக்கவிட, அது துளையைக் கண்டதும் டிக் என்னும் சிற்றொலி எழும். ஒலியை மட்டும் நம்புதல் ஆகாது. பட்டியை இழுத்தும் முறுக்கியும் பார்த்தபின்னரே கடிகாரம் கடலுக்குரியது.

பிரித்தானியக் கடற்படைச் சப்மறீனர்களின் நிரந்தரக் கம்பிகளைப் பின்னாளில் வாங்கிய சிலர், சாதாரணப் பட்டி கட்டும் விருப்பால் வெட்டி எறிந்தனர். பின்னர் அக்கடிகாரங்களின் விலை வானளாவ உயர்ந்தபோது, அவை உண்மையிற் படையினுடையனவா என அறிய விழைந்தோர் உருப்பெருக்கிக் கண்ணாடியோடு முதலில் நோக்கிய இடங்களுள் ஒன்று காதுகளின் உட்புறம். வெட்டப்பட்ட கம்பியின் அடிச்சுவடு அங்கே கிடந்தது. 2021ஆம் ஆண்டில் ரியூடர் நிறுவனம் பிரெஞ்சுக் கடற்படையின் போர்ச் சுழியோடிகளோடு கூடி வடிவமைத்த பெலகோஸ் எஃப்.எக்ஸ்.டி. கடிகாரத்தில் வில்லுமில்லை, துளையுமில்லை. கூட்டைச் செதுக்கிய தைத்தேனியக் கட்டியிலிருந்தே கம்பிகளும் செதுக்கப்பட்டுள்ளன.